உயிரிமருத்துவ ஆய்வாளர்களுக்கான தரவு அறிவியல் பாடங்களைச் சேர்ந்து திருத்துவது எப்படி: நீலகிரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தரவு அறிவியல் பயிற்சிக்கு வரும் மருத்துவ ஆய்வாளர்கள் பாதியிலேயே சோர்ந்துபோவதற்குப் புள்ளியியல் காரணமாக இருப்பது குறைவு. பாடத்தில் "கோப்பைத் திறக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். கோப்பு ஜிப்பாக இறங்கியிருக்கும். விண்டோஸில் ஜிப்பைப் பிரிக்காமலே உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்பதால், கோப்பு கண்ணுக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். சொல்லிக்கொடுப்பவர் கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்வதற்குள் வகுப்பு இரண்டு தலைப்புகளைத் தாண்டியிருக்கும்.

அந்த ஒரு வரியை யார் திருத்துவது? பாடத்தை எழுதியவர் கண்ணில் அது படவே படாது. அவர் கை தானாகவே ஜிப்பைப் பிரித்துவிடும். தடுக்கியவருக்குத்தான் இடம் தெரியும், அதுவும் அன்றைக்கு மட்டும்தான். ஒரு வாரத்தில் அவருக்கும் பழகிப்போய், தடுக்கியதே மறந்துவிடும். தடுக்கியவர் சொன்னதை அன்றே பிடித்து, சிறிய திருத்தமாக்கி, மறுபடியும் வகுப்பில் வைத்துப் பார்ப்பது: பாடங்களைச் சேர்ந்து திருத்தும் வேலை முழுவதும் இதை ஒட்டித்தான் ஓடுகிறது.

நீலகிரியில் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது. அங்கே ஓர் அறையில் 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் ஆரம்பித்த பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் ஒரு பரம்பரைக் கூறு) பற்றி வந்த முதல் அறிக்கைகளில் ஒன்று, 1952-ல் லேமனும் கட்புஷும் இந்த மலையின் பழங்குடி மக்களிடம் செய்த ஆய்வு. இப்போது ஊட்டியில் மருந்தியல் கல்லூரி இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பழங்குடி நலனுக்கான மருத்துவமனைகள் பல ஆண்டுகளாகப் பதிவேடுகளை வைத்திருக்கின்றன. இத்தனை இருந்தும் இங்கே நடக்கும் பயிற்சிகளில் கையில் கிடைப்பது 1936-ல் ஃபிஷர் வெளியிட்ட ஐரிஸ் மலர் அட்டவணையோ அண்டார்டிகா பென்குவின்களோதான். ஆர் என்ற நிரல் மொழியைக் கற்க அவை போதும். ஆனால் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கேட்பவருக்கு அவை பதில் சொல்லாது.

முதலில் ஆட்கள்

ஐந்தாறு பேர் போதும். பெரிய குழு என்றால் கூட்டம் நடக்கும், வேலை நடக்காது. நிரல் தெரிந்தவர் ஒருவர், புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர், லேபில் தினமும் சாம்பிள் ஓட்டும் டெக்னீஷியன் ஒருவர், நோயாளியைப் பார்க்கும் டாக்டரோ நர்ஸோ ஒருவர். இவர்களைவிட முக்கியமானவர் போன முறை இதே வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அவர் இல்லாமல் தொடங்க வேண்டாம். குழுவில் நிரலாளர்கள் மட்டுமே இருந்தால் பாடம் ஒவ்வொரு திருத்தத்திலும் நிரலாளருக்கு வசதியாகிக்கொண்டே போகும், கற்பவருக்குத் தூரமாகிக்கொண்டே போகும்.

டாக்டர்களையும் டெக்னீஷியன்களையும் சேர்க்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அவர்கள் நிரல் எழுத வேண்டியதில்லை. "இந்த எண் லேபில் இப்படி வராது" என்று சொல்வதே அவர்கள் தரும் பெரிய பங்களிப்பு. இதைச் சொல்லாவிட்டால், தெரியாத வேலையில் மாட்டிக்கொண்டோமோ என்று இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

புதிதாக எழுத உட்காராதீர்கள்

சொந்தமாக ஒரு பாடத்திட்டம் எழுத வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். தள்ளிப்போடுங்கள். ஆய்வாளர்களுக்கு நிரலும் தரவும் கையாளச் சொல்லிக்கொடுக்கும் அமைப்புகள் உண்டு. 1998-ல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி, 2014-ல் வந்த டேட்டா கார்பென்ட்ரி இரண்டும் 2018-ல் தி கார்பென்ட்ரீஸ் என்று ஒன்றாயின. அவர்களுடைய பாடங்கள் பலருடைய கையால் பல ஆண்டுகளாகத் திருத்தப்பட்டவை. கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் உரிமத்தில் கிடைப்பதால், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு, என்ன மாற்றினோம் என்று சொல்லிவிட்டால் யாரும் மாற்றிப் பயன்படுத்தலாம், தமிழிலும் எழுதலாம். மரபணுத் தரவுக்கான அவர்களுடைய பாடம், 1988-ல் லென்ஸ்கி தொடங்கிய ஈ. கோலை பாக்டீரியாவின் நீண்டகாலப் பரிணாமச் சோதனையின் தரவை எடுத்துக்கொள்கிறது. ஒரே கதையை வைத்துக்கொண்டு முழுப் பாடத்தையும் நகர்த்தும் விதத்தை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எந்தப் பாடத்தை எடுத்தாலும் அதன் உரிமத்தை முதலில் படியுங்கள். உரிமமே எழுதாமல் இணையத்தில் கிடக்கும் பாடத்தை "எல்லாருக்கும் பொது" என்று எடுத்துக்கொள்ள முடியாது. எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

யாருக்காக என்று மூன்று வரி

பாடத்தைத் தொடும் முன் அதைக் கற்கப்போகும் ஒருவரை மூன்று வரியில் எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். உதாரணத்துக்கு: "மருத்துவமனை லேபில் எட்டு ஆண்டு அனுபவம். எக்செல்லில் வடிகட்டவும் கூட்டவும் தெரியும், கட்டளை எழுதியதில்லை. மாத அறிக்கையைக் கையால் தயாரிக்க ஒரு நாள் போகிறது, அதைக் குறைக்க வேண்டும்." பின்னால் வரும் சண்டைகளில் பாதியை இந்த மூன்று வரி தீர்த்துவிடும். எந்த நிரல் மொழி, ஆரா பைத்தானா என்ற வாதம் உட்பட. என் கருத்தில், மருத்துவப் புள்ளியியலும் பயோகண்டக்டரும் (மரபணுத் தரவுக்கான ஆர் தொகுப்புகள்) தேவைப்படுபவர்களுக்கு ஆர்தான் எளிய வாசல். ஆனால் அந்த லேபில் பக்கத்து மேஜைக்காரருக்குப் பைத்தான் தெரியும் என்றால் பைத்தானையே எடுங்கள். வகுப்பு முடிந்த பிறகு சந்தேகம் கேட்க ஆள் வேண்டும்.

தடுக்கிய இடத்தைக் குறித்து வைப்பது

ஒரு பாடம் மேம்படுகிறதா தேங்கிக் கிடக்கிறதா என்பது இந்தப் படியில்தான் தெரியும். நிரலையும் பாடத்தையும் பலர் சேர்ந்து திருத்தும் கிட்ஹப் தளத்தில் இதற்கு இஷ்யூ என்று ஓர் இடம் உண்டு. அது பழக்கமில்லாதவர்களுக்குக் கூகுள் ஷீட் ஒன்று போதும், அதுவும் இல்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகம். எதில் எழுதுகிறார்கள் என்பதைவிட எப்படி எழுதுகிறார்கள் என்பது முக்கியம்.

"மூன்றாம் பாடம் குழப்பமாக இருக்கிறது." இப்படி எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. இதைப் பாருங்கள்:

"மூன்றாம் பாடம், கோப்பைப் படிக்கும் பகுதி. விண்டோஸ் 10, கல்லூரி லேப் கம்ப்யூட்டர். பாடத்தில் உள்ள பெயரை அப்படியே தட்டினேன். கோப்பு இல்லை என்று வந்தது. இரண்டு தடவை டவுன்லோடு செய்திருந்ததால் கோப்பின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 சேர்ந்திருந்தது. பெயரை மாற்றியதும் திறந்தது."

எங்கே, எந்தக் கம்ப்யூட்டரில், என்ன செய்தார், என்ன எதிர்பார்த்தார், என்ன வந்தது, கடைசியில் எப்படித் தீர்ந்தது, எல்லாம் இதில் இருக்கிறது. இதைப் படிப்பவர் உடனே வேலையைத் தொடங்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. இத்தகைய குறிப்பு வந்ததும், "கவனிக்க: இரண்டு முறை டவுன்லோடு செய்யாதீர்கள்" என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டியைச் சேர்த்துவிடத் தோன்றும். பத்து எச்சரிக்கை சேர்ந்தால் யாரும் ஒன்றையும் படிக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பாடத்தின் நடையையே மாற்றுங்கள்: கோப்பைப் படிக்கும் கட்டளைக்கு முன்னால், ஃபோல்டரில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியலிடும் ஒரு கட்டளையைச் சேர்த்து, வந்த பட்டியலைப் பார்த்துப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். ஜிப் சிக்கல், பெயர்ச் சிக்கல், தவறான ஃபோல்டர் சிக்கல், மூன்றும் அந்த ஒரு கட்டளையில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

குறிப்புகள் வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுங்கள்: "எளிய வேலை", "லேப் ஆள் பார்க்க வேண்டும்", "தரவு", "விளக்கம்". புதிதாக வருபவரை "எளிய வேலை" பட்டியலுக்கு அனுப்பலாம். எழுத்துப்பிழை திருத்துவதிலிருந்து தொடங்குபவர்தான் பிறகு பெரிய பகுதியைத் தூக்கிப் பிடிப்பார்.

கேட்டால்தான் குறிப்பு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். நம் ஊரில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். துறைத் தலைவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். இதற்குக் கார்பென்ட்ரீஸ் வகுப்புகளில் ஒரு வழக்கம் உண்டு: எல்லாருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள். வேலை முடிந்தால் ஒரு நிறம், மாட்டிக்கொண்டால் இன்னொரு நிறம், மடிக்கணினியின் மேல் ஒட்டிவிட வேண்டும். வாய் திறக்காமலே உதவி கேட்கலாம். உணவு இடைவேளைக்கு முன் அதே தாள்களில் புரிந்தது ஒன்று, புரியாதது ஒன்று எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம். அந்தத் தாள்களை அன்று மாலையே, காப்பி குடிக்கப் போகும் முன், இஷ்யூவாக மாற்றிவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் "இது என்ன எழுதியிருக்கிறது?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிவரும்.

தரவு: இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்

சொந்த ஊர்த் தரவு வேண்டும் என்றதும், மருத்துவமனைப் பதிவேட்டை எடுத்துப் பெயரை மட்டும் அழித்துப் பயன்படுத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. தோடர், கோத்தர் போன்ற சமூகங்களின் மொத்த மக்கள்தொகையே சில ஆயிரத்துக்குள்தான். ஊர், சமூகம், வயது, பாலினம், அரிவாள் செல் முடிவு, இந்த ஐந்து நெடுவரிசைகள் இருந்தால் பெயரே தேவையில்லை, அந்தப் பகுதியில் வேலை பார்க்கும் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரிசை வெளியே போனால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சே நின்றுபோகலாம். 2017-ன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறைகளும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது. சிகிச்சைக்கு வந்தவர் தன் ரத்தத்தைப் பாடப் புத்தகத்துக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே தரவை உருவாக்குங்கள். நிஜமான ஒருவரைக்கூடக் குறிக்காத, ஆனால் நிஜமான பதிவேடு நடந்துகொள்வதுபோலவே நடந்துகொள்ளும் செயற்கைத் தரவு. 300 வரிசை போதும். வயது, பாலினம், கர்ப்பமா, வசிக்கும் ஊர், சோதித்த தேதி, ஹீமோகுளோபின், இவ்வளவே. சமூகப் பெயர் வேண்டாம். செயற்கைத் தரவில்கூட ஒரு சமூகத்தையும் ஒரு நோயையும் சேர்த்து எழுதினால், அதைப் பார்ப்பவர் உண்மை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். தரவை உருவாக்கும் நிரலில், சீரற்ற எண்கள் தொடங்கும் எண்ணை (சீட்) நிலையாக வைத்துவிட்டால் யார் ஓட்டினாலும் அதே எண்கள் வரும், வகுப்பில் எல்லார் விடையும் ஒத்துப்போகும்.

பிறகு அந்தச் சுத்தமான தரவை வேண்டுமென்றே அழுக்காக்குங்கள். குழுவிலுள்ள டெக்னீஷியனை இங்கே பக்கத்தில் உட்கார வையுங்கள், அவருக்குத்தான் எப்படி அழுக்காகும் என்று தெரியும். 12.4 என்று வர வேண்டிய இடத்தில் புள்ளி விட்டுப்போய் 124. சோதனை நடக்காத இடத்தில் வெறுமையாக விடாமல் 0. ஊட்டி, உதகை, உதகமண்டலம் என்று ஒரே ஊருக்கு மூன்று பெயர். கோத்தகிரிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி, கம்ப்யூட்டருக்கு அது வேறு ஊர். 03-04-2023 என்ற தேதி நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் உள்ள கம்ப்யூட்டருக்கு மார்ச் 4. தேதி 12-ஐத் தாண்டும்போதுதான் பிழை தெரியும், அதற்கு முன் உள்ளவை எல்லாம் சத்தமில்லாமல் மாறியிருக்கும்.

எக்செல்லை வகுப்பில் யாரும் திட்ட வேண்டாம், கற்பவர்களின் வாழ்க்கை அதில்தான் ஓடுகிறது. ஆனால் அது செய்யக்கூடியதைக் காட்டுங்கள். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். அதே 2020-ல், இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பு வடிவத்தின் 65,536 வரிசை எல்லையால் 15,841 கோவிட் தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் விடுபட்டன. டியூக் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வில் மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்துபோயிருந்ததை பாகெர்லியும் கூம்ப்ஸும் தோண்டி எடுத்து 2009-ல் எழுதினார்கள். அந்த ஆய்வை நம்பி நோயாளிகளிடம் மருத்துவப் பரிசோதனைகளே நடந்துகொண்டிருந்தன. ஒரு வகுப்பில் இந்த மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மூன்றையும் கொட்டினால் பயம்தான் மிஞ்சும்.

இப்போது இந்த மலைக்கே உரிய ஒரு பயிற்சி. உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே வாழ்பவர்களின் ஹீமோகுளோபின் சற்றே கூடுதலாக இருக்கும். ஆகவே ரத்தசோகையைக் கணக்கிடும்போது உயரத்துக்கு ஏற்ப ஒரு தொகையைக் கழிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணைப்படி (2024-ல் அது மாறிவிட்டது, கடைசியில் பார்ப்போம்) 1,000 மீட்டருக்கு 0.2, 1,500-க்கு 0.5, 2,000-க்கு 0.8 கிராம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை.

இரண்டு வரிசைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெண்கள், இருவருக்கும் ரிப்போர்ட்டில் 12.4. ஒருவர் கூடலூர், ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டிய ஊர். 0.2 போக 12.2, ரத்தசோகை இல்லை. இன்னொருவர் ஊட்டி, 2,200 மீட்டருக்கு மேல். 0.8 போக 11.6, ரத்தசோகை. ஒரே எண், இரண்டு முடிவு. ஊர்ப் பெயரையும் உயரத்தையும் கொண்ட ஒரு சிறிய அட்டவணையை முதல் அட்டவணையோடு இணைப்பது, புதிய நெடுவரிசையைக் கணக்கிடுவது, நிபந்தனை வைத்துப் பிரிப்பது, ஊர்வாரியாகத் தொகுப்பது, தரவு அறிவியலின் நான்கு அடிப்படை வேலைகளும் இந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடுகின்றன. இணைக்கும்போது "உதகை" பொருந்தாமல் விடுபடும். பெயர்களை ஏன் முதலிலேயே சீராக்க வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

சேர்ந்து வேலை செய்வதன் பலன் இதற்கு அடுத்த கேள்வியில் தெரியும். கூடலூர்ப் பெண் ஊட்டிக்கு வந்து ரத்தம் கொடுத்தால் எந்த உயரத்தைக் கழிப்பது? சோதித்த ஊரையா, வசிக்கும் ஊரையா? வசிக்கும் ஊரைத்தான், ஏனென்றால் உடம்பு பழகியிருப்பது அங்கே. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் அச்சாவது பெரும்பாலும் சோதித்த இடத்தின் பெயர். நிரலாளர் இதை யோசிக்க வாய்ப்பில்லை, அவருக்கு ஊர் என்றால் ஒரு நெடுவரிசை. சாம்பிள் எடுப்பவர்தான் "வந்தவங்க எந்த ஊரு?" என்று கேட்டுப் பழகியவர். இந்தக் கேள்வியை ஒரு பயிற்சியாகவே பாடத்தில் சேருங்கள், விடையை உடனே கொடுக்காதீர்கள்.

கூடவே தரவு அகராதி ஒன்று: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், அலகு, எந்த எல்லைக்குள் வர வேண்டும், விடுபட்டால் எப்படிக் குறிப்பது. தரவு செயற்கையானது என்பதை அதன் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

திருத்தத்தை அனுப்புவதும் பார்ப்பதும்

மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் தெரிந்தவர்களுக்கு வழி தெரியும்: தனிக் கிளை எடுத்து, மாற்றி, சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் போட்டு, ஒருவர் பார்த்த பிறகு சேர்ப்பது. தெரியாதவர்களைக் கிட் கற்றுக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். கிட்ஹப்பிலேயே பேனா அடையாளத்தை அழுத்தி உலாவியிலேயே திருத்தலாம், அதைக் காட்டிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் கூகுள் டாக்ஸில் பரிந்துரை முறையில் எழுதச் சொல்லி, குழுவில் ஒருவர் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். அப்படிச் சேர்க்கும்போது எழுதியவர் பெயர்தான் பதிவாக வேண்டும்.

ஒரு திருத்தம், ஒரு விஷயம். முழுப் பாடத்தையும் மாற்றி எழுதி ஒரே மூட்டையாக அனுப்பினால் யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள், அது மாதக்கணக்கில் கிடக்கும். பார்ப்பவருக்கு ஒரு கட்டாயம் உண்டு: படித்துவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது, தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முடிந்தால் பழைய, மெதுவான கம்ப்யூட்டரில்.

கருத்துச் சொல்லும் விதத்தில் கவனம் தேவை. "இது தப்பு" என்று பேராசிரியர் எழுதினால் டெக்னீஷியன் அடுத்த திருத்தத்தை அனுப்பவே மாட்டார். "இந்த வரிசையை ஓட்டினால் எனக்கு 298 வருகிறது, உங்களுக்கு 300 வந்ததா? 0 உள்ள வரிசைகளை எங்கே விட்டோம்?" என்று கேட்டால் இருவரும் சேர்ந்து தேடுவார்கள். ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒரு பதில், "பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் படிக்கிறேன்" என்ற அளவிலாவது, போய்ச் சேர வேண்டும். பதிலே வராததுதான் நல்ல பங்களிப்பாளர்களை இழக்கும் வழி.

நேரில் கூடும் நாள்

தொலைவிலிருந்தே எல்லாம் செய்யலாம் என்றாலும் வருடத்தில் ஓரிரு நாள் நேரில் கூடுவது வேலையை வேகப்படுத்தும். நீலகிரியில் நாள் குறிப்பதற்கு மலையைக் கேட்க வேண்டும். ஏப்ரல், மே சீசன், அறை கிடைக்காது, சாலை நகராது, 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியலாம். செப்டம்பரோ பிப்ரவரியோ நல்லது. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், மலைப்பாதை என்பதால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்கு முன் தொடங்கினால் தூரத்தில் இருப்பவர்கள்தான் முதல் பாடத்தைத் தவறவிடுவார்கள், பாடம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்.

நெட் இருக்காது என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். ஆர், ஆர்ஸ்டுடியோ நிறுவும் கோப்புகள், தேவையான எல்லாத் தொகுப்புகளும், தரவு, பாடத்தின் முழுப் பிரதி, எல்லாவற்றையும் மூன்று நான்கு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். இருபது பேர் ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் தொகுப்பு இறக்கத் தொடங்கினால் காலை முழுவதும் போய்விடும். கல்லூரி கம்ப்யூட்டர்களில் மென்பொருள் நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அதை வைத்திருப்பவர் அன்று லீவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைய வேலையைக் குறைவாக வையுங்கள். காலையில் இஷ்யூ பட்டியலிலிருந்து ஆளுக்கு ஒன்று, இருவர் இருவராக. லேப் ஆளும் நிரல் ஆளும் சேர்ந்த ஜோடியாக இருக்கட்டும். நிரல் தெரிந்தவர் பேச, தெரியாதவர் கீபோர்டைப் பிடிக்கட்டும், மாற்றிச் செய்தால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். மதியத்துக்கு மேல் ஒருவர் திருத்தத்தை இன்னொருவர் ஓட்டிப் பார்ப்பது. வர்க்கியும் டீயும் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வகுப்பில் வைத்துப் பார்ப்பது

திருத்திய பாடத்தை எழுதாத ஒருவர் நடத்தட்டும். எழுதியவர் நடத்தினால் பாடத்தில் விட்டுப்போனதை வாயால் நிரப்பிவிடுவார், ஓட்டை தெரியாது. எழுதியவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும், உதவிக்குப் போகக் கூடாது. எந்த இடத்தில் வகுப்பு நின்றது, திட்டமிட்ட நேரம் எவ்வளவு, ஆன நேரம் எவ்வளவு என்று குறித்தால் போதும்.

முடிவில் "வகுப்பு பிடித்ததா?" என்று கேட்கும் படிவத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. எல்லாரும் மரியாதைக்காக நன்றாக இருந்தது என்றே எழுதுவார்கள். இரண்டு வாரம் கழித்து, அவரவர் வேலை செய்யும் இடத்தில், வகுப்பில் பார்க்காத ஓர் அழுக்குத் தரவுக் கோப்பைக் கொடுத்து ஊர்வாரி ரத்தசோகை அட்டவணை ஒன்றைத் தயாரிக்கச் சொல்லுங்கள். எங்கே நின்றார்கள் என்று கேட்டு வாங்குங்கள். அதுதான் அடுத்த சுற்றுக்கான இஷ்யூ பட்டியல்.

வெளியிடுதல், பெயர் போடுதல், காத்துவருதல்

ஓரளவு நிலைத்ததும் பதிப்பு எண் கொடுத்து ஸெனோடோவில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் இலவச இடம், நிலையான அடையாள எண் கிடைக்கும், கட்டுரையில் மேற்கோள் காட்டலாம். பங்களித்தவர் பட்டியலில் திருத்தம் எழுதியவர்களை மட்டுமல்ல, இஷ்யூ எழுதியவர்களையும் சேருங்கள். லேப் டெக்னீஷியன்களின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் அபூர்வமாகத்தான் வருகிறது. இங்கேயாவது வரட்டும், வேலையில் அவர்களுக்குக் காட்ட ஒன்று இருக்கும்.

பாடம் எழுதியபடியே நிற்காது. 2020 ஏப்ரலில் ஆர் 4.0.0 வந்தபோது எழுத்து நெடுவரிசைகளைத் தானாக வகைகளாக மாற்றும் பழைய வழக்கம் நின்றது. அதை நம்பி எழுதிய பாடங்களில் விடைகள் மாறின. 2023-ல் பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பின் 2.0 வந்தபோது அட்டவணையில் வரிசை சேர்க்கும் பழைய கட்டளையே எடுக்கப்பட்டது. மென்பொருள் மட்டுமல்ல: உலக சுகாதார நிறுவனம் 2024-ல் ஹீமோகுளோபின் வழிகாட்டியைப் புதுப்பித்து உயரத் திருத்த அட்டவணையையும் மாற்றியது. மேலே நாம் பார்த்த பயிற்சியில் கழிக்கும் எண்களை நிரலுக்குள் புதைக்காமல் தனி அட்டவணையாக, எந்த ஆண்டுடையது என்ற குறிப்போடு வைத்திருந்தால், அந்தக் கோப்பை மாற்றினால் வேலை முடிந்தது. பழைய அட்டவணையையும் புதியதையும் ஓட்டி, எத்தனை பேரின் முடிவு மாறுகிறது என்று பார்க்கச் சொல்வதே நல்ல பயிற்சி.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எதுவும் நிறுவாத ஒரு கம்ப்யூட்டரில் பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒருவர் ஓட்டிப் பார்க்க வேண்டும். பொறுப்பாளர்கள் இரண்டு பேர் இருக்கட்டும், இருவரும் ஒரே நிறுவனத்தில் வேண்டாம். மாணவர் பொறுப்பில் இருந்தால் அவருடைய கடைசி ஆண்டுத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவரைச் சேர்த்து, இருவரும் ஒரு சுற்று ஒன்றாக ஓட்டட்டும். கடவுச்சொற்களும் உரிமைகளும் அப்போதே கைமாற வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளில் நேரமில்லை என்று தாண்டிப்போன பகுதி ஏதாவது இருந்தால் அதை அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். தேவைப்பட்டால் பழைய பதிப்பில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.